சலிப்பும் காத்திருத்தலும்: ஒரு படத்தை முன்வைத்து

1

ஒரு கறுப்புக் கார். பொட்டல் வெளியில் வளைந்து போகும் ஒரு பாதை. காமிரா ஓரிடத்தில் ஊன்றிவிட்டது, அசைவதாக இல்லை. கார் சட்டகத்துக்குள் வருகிறது, போகிறது. அதன் உறுமல் தூரத்தில் தேய்ந்து மறுபடி பெருகுகிறது. ஒரு சுற்று, இரண்டு, மூன்று. அதற்குப் பிறகும் சுற்றுகிறது. பார்ப்பவனுக்கு முதலில் எதிர்பார்ப்பு, பிறகு எரிச்சல், பிறகு இரண்டும் அடங்கிப்போன ஒரு நிலை. கடைசியில் கார் நிற்கிறது. ஒருவன் இறங்கி நிற்கிறான். அவ்வளவுதான். ஸோஃபியா கொப்போலாவின் ‘ஸம்வேர்’ (2010) இப்படித் தொடங்குகிறது.

இதைத் திருவொற்றியூரில் என் வீட்டு மாடி அறையில், மடிக்கணினியில், மச்சானோடு உட்கார்ந்து பார்த்தேன். மச்சான் என் மனைவியின் அண்ணன். இருபத்தைந்து வருஷம் டிரெய்லர் லாரி ஓட்டியவர். அன்றைக்கு மின்விசிறிக்காக மாடிக்கு வந்தாரே தவிர படத்துக்காக வரவில்லை. மூன்றாவது சுற்றில் கேட்டார்:

“இவன் இன்னா மச்சான், கேட் பாஸ் கெடைக்காம சுத்திக்கினு கீறானா?”

சிரித்துவிட்டேன். ஆனால் இந்தப் படத்தைப் பற்றி நான் படித்தவற்றில் இவ்வளவு துல்லியமான விமர்சன வாக்கியம் எதுவும் இல்லை என்று பிற்பாடு பட்டது. கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போவதற்காக எண்ணூர் விரைவுச் சாலையில் கிலோமீட்டர் கணக்கில் நின்ற வருஷங்கள் உண்டு. வண்டியிலேயே தூங்கி, வண்டிக்கு அடியிலேயே சமைத்து, முன் வண்டி பத்தடி நகர்ந்தால் தானும் பத்தடி நகர்ந்து கழித்த ராத்திரிகள் மச்சானுக்கு உண்டு. அப்படிப்பட்டவர், உள்ளே போக வழியில்லாமல் சுற்றுகிற ஒருவனை அந்த ஃபெராரிக்குள் பார்த்துவிட்டார். காரின் விலை அவருக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை.

எனக்குப் பட்டது. எங்களுக்குள் இருந்த வித்தியாசம் அதுதான். எல்லாம் வாய்த்த ஒருவனின் சலிப்பு நம் கவனத்துக்கு உரியதுதானா? அதற்குக் கவனம் கொடுப்பது, வேறு யாருக்கோ சேரவேண்டியதை எடுத்துக் கொடுப்பதாகாதா? ரசனை சம்பந்தப்பட்ட கேள்வி மாதிரித் தோற்றம் தருகிற இந்த அறக்கேள்வியைக் கொஞ்ச தூரம் பின்தொடர்ந்து போகத்தான் இந்தக் கட்டுரை.

2

படத்தின் விஷயம் சொற்பம். ஜானி மார்கோ என்ற ஹாலிவுட் நட்சத்திரம் (நடிகர் ஸ்டீஃபன் டார்ஃப்) லாஸ் ஏஞ்சலீஸில் ஷாட்டோ மார்மோன்ட் என்ற ஹோட்டலில் தங்கியிருக்கிறான். கையில் மாவுக்கட்டு. அழகிகள் அறைக்கு வந்து ஆடுகிறார்கள், பார்த்துக்கொண்டே தூங்கிவிடுகிறான். பிரிந்து வாழும் மனைவி, பதினொரு வயது மகள் க்ளியோவை (எல் ஃபேனிங்) அவனிடம் விட்டுப் போகிறாள். அப்பாவும் மகளும் சில நாட்கள் சேர்ந்து இருக்கிறார்கள். மிலானில் ஒரு விருது விழாவுக்குப் போய்வருகிறார்கள். பிறகு மகள் கோடை முகாமுக்குப் போய்விடுகிறாள். அவன் உடைந்து அழுகிறான். ஹோட்டலைக் காலி செய்கிறான். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடும் படத்தில் நடப்பது இவ்வளவே. 2010இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கிய படம். அதே விருதை 1957இல் வாங்கியது சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’. இந்தத் தற்செயல் பின்னால் பயன்படும்.

நண்பர் ஒருவரிடம் படத்தைப் பற்றிச் சொன்னபோது, “கொழுத்தவன் புலம்பலுக்கு நீங்கள் ஏன் ஒப்பாரி வைக்கிறீர்கள்?” என்றார். இந்த ஆட்சேபத்தை, கலை தெரியாதவனின் முரட்டுத்தனம் என்று தள்ளிவிடுவது நம் வட்டாரத்தில் சுலபம். நான் தள்ளமாட்டேன். அதில் நியாயம் இருக்கிறது. அந்த அறையில் படுக்கை விரிப்பை மாற்றுவது யார்? ஹோட்டல் சிப்பந்தி ஒருவர் கிதாரோடு உட்கார்ந்து சிறுமிக்காகப் பாடுகிறார். பாடி முடித்து அவர் எங்கே போகிறார்? காமிரா அவர் பின்னால் போவதில்லை. ஒருவன் சலித்துக் கிடப்பதற்குப் பின்னால் பத்துப் பேர் சலிக்க நேரமில்லாமல் வேலை செய்யவேண்டியிருக்கிறது. படம் இதை மறுக்கவில்லை, ஆனால் எடுத்துச் சொல்லவும் இல்லை. அதை ஒரு குறையென்றே நான் குறித்துக்கொள்கிறேன்.

ஆனால் ஆட்சேபத்துக்கு அடியில் கிடக்கிற நம்பிக்கை வேறு. அனுதாபம் என்பது ரேஷன் அரிசி மாதிரி என்று நாம் நினைக்கிறோம். மொத்தம் இவ்வளவு மூட்டை. கார்டு உள்ளவனுக்கு மட்டும். தகுதியில்லாதவன் வாங்கினால் தகுதியுள்ளவன் வெறும் பையோடு திரும்பவேண்டும். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், அனுதாபம் கொடுக்கக் கொடுக்கக் குறையாது என்பது. இது அழகான பேச்சு, உண்மையில்லை. ஒன்றரை மணி நேரத்தை நான் ஜானி மார்கோவுக்குக் கொடுத்தால் அது போனதுதான். வேறு யாருக்கும் அதை மறுபடி கொடுக்க முடியாது. மனிதனிடம் இருப்பது அனுதாபமாக இருந்தாலும் நேரமாக இருந்தாலும், அளவுபட்டது.

ஆகவே பதிலை வேறிடத்தில் தேடவேண்டும். ‘ஸம்வேர்’ அனுதாபம் கேட்கிறதா? கேட்பதாக எனக்குத் தெரியவில்லை. கேட்கிற படம் அதற்கான ஏற்பாடுகளைச் செய்திருக்கும். சோக இசை, கண்ணில் நீர் திரளும் அண்மைக் காட்சி, பால்ய காலத் துயரம் என்று ஒன்றிரண்டு முடிச்சு. இங்கே அவை இல்லை. ஹாரிஸ் ஸவிடெஸின் காமிரா வெளிறிய பகல் வெளிச்சத்தில் அவனை ஒரு நாற்காலியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறது. நட்சத்திரத்துக்கு இது கௌரவமில்லை.

நம் சினிமாவில் நட்சத்திரம் முதலில் தோன்றும் விதத்தை நினைத்துப் பாருங்கள். செருப்பு, வேட்டி நுனி, கை, பிறகு முகம். அசைவை மெதுவாக்கிக் காட்டுகிறார்கள். ஒரு நொடியில் முடிகிற நடை பத்து நொடி நீள்கிறது. அங்கே மெதுவாக்கப்படுவது அவன் உடம்பு மட்டும். பார்ப்பவனின் நாடியோ வேகமாக்கப்படுகிறது. கொப்போலா செய்வது இதற்கு நேர் எதிர். அசைவு சாதாரண வேகத்தில் நடக்கிறது. அதை வெட்டாமல் விட்டுவிடுகிறார். ஸ்லோமோஷனில் மனிதன் விக்கிரகமாகிறான். வெட்டப்படாத நேரத்தில் விக்கிரகத்துக்கு வியர்க்கிறது, கொட்டாவி வருகிறது, சிகரெட்டுச் சாம்பல் உதிர்கிறது. இரண்டையும் ‘மெதுவான படம்’ என்ற ஒரே சொல்லில் அடக்குகிறவர்கள் எதையும் பார்க்கவில்லை என்பேன்.

3

புகழ்பெற்றவனின் வெறுமை நமக்குப் புதிய விஷயமல்ல. ராயின் ‘நாயக்’ (1966) அதைத்தான் பேசுகிறது. உத்தம் குமார் நடித்த அரிந்தம் முகர்ஜி, விருது வாங்குவதற்காகக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு ரயிலில் போகிறான். பெண்கள் பத்திரிகை நடத்தும் அதிதி (ஷர்மிளா தாகூர்) பேட்டி காண வருகிறாள். பேட்டி கொஞ்சங்கொஞ்சமாகப் பாவமன்னிப்பு மாதிரி ஆகிவிடுகிறது. நாடகத்தைக் கைவிட்டு சினிமாவுக்கு வந்தது, குருவின் வார்த்தையை மீறியது, பழைய தோழனுக்காக ஒரு கூட்டத்தில் பேச மறுத்தது, எல்லாம் வெளிவருகின்றன. கரன்ஸி நோட்டுகளின் குவியலில் அவன் மூழ்கும் கனவு ஒன்று வருகிறது. கடைசியில் அதிதி தன் குறிப்புகளைக் கிழித்துத் தண்ணீர்த் தம்ளரில் போட்டுவிடுகிறாள். அந்தத் தம்ளரை மறக்க முடியாது.

‘நாயக்’ பெரிய படம். என்றாலும் அதன் தர்மம் வாக்குமூலத்தின் தர்மம். அரிந்தமுக்கு உள்ளே ஒன்று இருக்கிறது, அதைப் பேச்சும் கனவும் வெளியே கொண்டுவரும், வெளியே வந்ததை நாம் எடைபோடலாம் என்ற நம்பிக்கையின் மேல் அது நிற்கிறது. அதிதி கிழித்துப் போடுவதற்கும் ஏதோ எழுதப்பட்டிருக்க வேண்டுமல்லவா? நாம் அரிந்தமை மன்னிக்கிறோம், காரணங்கள் தெரிந்துவிட்டதால்.

ஜானி மார்கோவிடம் கிழிப்பதற்கு ஒன்றுமில்லை. பத்திரிகையாளர் கூட்டம் ஒன்றில், ஜானி மார்கோ யார் என்று ஒருவர் கேட்கிறார். அவனிடம் பதில் இல்லை. ரகசியம் வைத்திருப்பவனின் மௌனம் அல்ல அது. ஜேபியில் கைவிட்டுப் பார்த்து ஒன்றும் தட்டுப்படாதவனின் மௌனம். படத்தில் இரண்டு மணி நேரக் கதை அளவுக்குக் கூட அவனுக்குக் கடந்தகாலம் கிடையாது. ஏன் இப்படி ஆனான் என்று படம் சொல்வதில்லை.

காரணம் சொல்லப்படாத ஒருவனை மன்னிக்கவும் முடியாது, தண்டிக்கவும் முடியாது. பக்கத்தில் இருக்கத்தான் முடியும். ரயிலில் எதிர் இருக்கைக்காரனோடு, வரிசையில் முன்னால் நிற்பவனோடு, ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனோடு நாம் இருப்பது இப்படித்தான். பெரும்பாலான மனிதர்களை நாம் காரணம் தெரியாமலேதான் சந்திக்கிறோம். கதைகள் நமக்குக் கொடுத்துப் பழக்கிய சலுகை, எல்லோருடைய காரணமும் நமக்குச் சொல்லப்படும் என்பது. இந்தப் படம் அந்தச் சலுகையை ரத்து செய்கிறது.

4

மச்சான் பாதியில் தூங்கிப்போனார். விழித்தபோது ஓடிக்கொண்டிருந்தது அந்த முகமூடிக் காட்சி.

ஒப்பனைக் கலைஞர்கள் ஜானியின் தலையை அச்செடுக்கிறார்கள். தலை முழுவதும் வெள்ளைப் பூச்சு. மூக்குத் துவாரம் மட்டும் திறந்திருக்கிறது. காய்கிறவரை அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு எல்லோரும் போய்விடுகிறார்கள். காமிரா மிக மெதுவாக அந்த வெள்ளை உருண்டையை நெருங்குகிறது. சத்தம் ஒன்றே ஒன்று: அவன் மூச்சு. மச்சான் எழுந்து உட்கார்ந்தார். “மூச்சு வுட்றான் பாரு” என்றார். அதற்குப் பிறகு அவர் தூங்கவில்லை.

அந்த ஒரு நிமிஷத்துக்கு மேற்பட்ட நேரத்தில் அவன் என்ன செய்கிறான்? சலித்திருக்கிறானா? காய்வதற்காகக் காத்திருக்கிறானா? அல்லது சும்மா இருக்கிறானா?

தமிழில் ‘சும்மா’ என்ற சொல்லுக்குக் கீழே மூன்று நிலைகள் படுத்துக் கிடக்கின்றன. சித்தர்களும் ஞானிகளும் சொன்ன சும்மா இருத்தல் ஒன்று: வேண்டுவதற்கு ஒன்றுமில்லை, அந்த இல்லாமையும் உறுத்தவில்லை. காத்திருத்தல் இன்னொன்று: வேண்டுவது இன்னதென்று தெரியும், அது வரவில்லை. மூன்றாவது சலிப்பு: வேண்டுவதற்கு ஒன்றுமில்லை, ஆனால் அந்த இல்லாமை உறுத்துகிறது. காத்திருப்பவனின் நேரத்துக்குத் திசை உண்டு. சலித்தவனின் நேரம் அந்தக் காரைப்போல வட்டமாக ஓடுகிறது. சும்மா இருப்பவனுக்கு நேரமே இல்லை என்கிறார்கள், எனக்கு அனுபவமில்லை.

மூன்றையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே காட்சிதான்: ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். காமிராவோ எப்போதும் வெளியில் நிற்கிற சாதனம். வெளியில் நின்றபடியே அது இந்த மூன்றையும் பிரித்துக் காட்ட முடியுமா? மெதுவான சினிமாவின் உருவப் பிரச்சினை முழுவதும் இதுதான் என்று நினைக்கிறேன். மணி கௌலின் ‘உஸ்கி ரோட்டி’ (1970) காத்திருத்தலை எடுத்துக்கொண்டது. பஸ் டிரைவரான கணவனுக்குச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கிராமத்து நிறுத்தத்தில் நிற்கும் மனைவி. பஸ் வரும், வராது. அவள் நிற்கிறாள். ஷாந்தால் அகெர்மனின் ‘ழான் தீல்மன்’ (1975) மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஒரு குடும்பத்தலைவி உருளைக்கிழங்கு உரிப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் பார்க்கிறது. நம்மிடம் பாலு மகேந்திராவின் ‘சந்தியா ராகம்’ (1989) இருக்கிறது. ஒரு காலத்தில் ஆடிப் பெயரெடுத்த கிழவர், சென்னையில் உறவினர் வீட்டில் தான் ஓர் அதிகப்படி என்று மெல்ல உணர்வது. சொக்கலிங்க பாகவதர் அதில் நடக்கிற நடைக்கு எந்த வசனமும் தேவைப்படவில்லை.

முகமூடிக் காட்சி இந்த வரிசையில் நிற்கத் தகுந்தது. பூச்சுக்குள் இருப்பவன் நட்சத்திரமல்ல. அவனை அடுத்து எங்கே கொண்டுபோவது என்று தொலைபேசியில் வேறு யாரோ தீர்மானித்துக்கொண்டிருக்கிறார்கள். படம் முழுக்க அப்படித்தான். ‘கார் கீழே நிற்கிறது’ என்றால் இறங்குகிறான். பேட்டி என்றால் உட்காருகிறான். எங்கள் ஊர்க்காரனுக்கு இது புரியும். கண்டெய்னரை இழுத்துப் போகிறவனுக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. சீல் வைத்தாயிற்று, வெளியே ஒரு நம்பர், போய்ச் சேரவேண்டிய இடம் ஒன்று. ஜானி சரக்கு. ஆனால் மூச்சு விடுகிற சரக்கு. மச்சானை எழுப்பி உட்கார வைத்தது அந்த மூச்சுதான்.

5

இப்போது மகளிடம் வருகிறேன். படத்தின் அறம் அவளிடம்தான் இருக்கிறது.

க்ளியோ பனிச்சறுக்கு ஆடுகிறாள். ஜானி முதலில் தொலைபேசியை நோண்டிக்கொண்டிருக்கிறான். பிறகு நிமிர்ந்து பார்க்கிறான். பிறகு பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. ஆட்டம் முடிந்து காரில் போகும்போது, எப்போது கற்றுக்கொண்டாய் என்று கேட்கிறான். மூன்று வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன் என்கிறாள். அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை.

என் நைனா திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் மூன்று ஷிஃப்ட்டும் பார்த்தவர். எழுபதுகளில் ஊருக்குக் கடிகாரம் ஆலைச் சங்குதான். நைட் ஷிஃப்ட் வாரத்தில் நைனா பகலில் தூங்குவார். நாங்கள் வீட்டுக்குள் நுனிக்காலில் நடப்போம். அம்மா பாத்திரத்தைத் துணி விரித்து வைப்பாள். அவர் எழுந்திருக்கும்போது நாங்கள் பள்ளியில், நாங்கள் வரும்போது அவர் சைக்கிளில். தூரத்திலிருந்தே பார்க்கக் கிடைப்பவர், வருகை முன்கூட்டி அறிவிக்கப்படுபவர், எதிரில் சத்தமிடக் கூடாதவர். ஒரு நட்சத்திரத்துக்கு உரிய லட்சணங்கள் எல்லாம் அவருக்கு இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு, “நீ இப்ப எத்தினாவது படிக்கிற?” என்று கேட்டார். ஏழாவது என்றேன். ஆறாவது என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, “சரி” என்றார்.

எனக்கு அப்போது கோபம் வரவில்லை. பின்னால் வந்தது. இந்தப் படத்தின் அந்தக் கார்க் காட்சிக்குப் பிறகு கோபத்தின் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. நைனா என்னைப் பார்த்த அந்தக் கொஞ்ச நேரம், எவ்வளவு நேரம்? கொப்போலா அதை எடுத்திருந்தால் எத்தனை நொடி வைத்திருப்பார்? ஒரு வருஷம் கண்ணெதிரே காணாமல் போயிருப்பதை ஒரு மனிதன் கண்டுகொண்ட நேரம் அது. நான் அதை ‘சரி’ என்ற ஒரு சொல்லுக்குள் வெட்டிச் சுருக்கி இத்தனை வருஷம் வைத்திருந்தேன். எடிட்டிங் என் தவறு.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை அவசியம். ஃபெராரிக்காரனும் மூன்று ஷிஃப்ட் தொழிலாளியும் ஒன்றல்ல. ஒருவனுக்கு நேரம் மிஞ்சிச் சீரழிகிறது. மற்றவனிடமிருந்து நேரம் எடுக்கப்பட்டது. இரண்டையும் ‘மனித வாழ்வின் வெறுமை’ என்ற பொதுப்பெயரில் போட்டுக் கட்டுவது விமர்சனமல்ல, மோசடி. நான் ஒப்பிடுவது அப்பன்களை அல்ல. பிள்ளைகளை. யார் வீட்டில் பிறந்தாலும் காத்திருப்பது அவர்கள்தான். ‘அபராஜிதோ’வில் தாய் ஸர்வஜயா மகனுக்காக ரயில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு காத்திருந்து சாகிறாள். 53 வருஷம் கழித்து அதே தங்கச் சிங்கத்தை வாங்கிய படத்தில் குழந்தை காத்திருக்கிறாள். காரில் ஓரிடத்தில் அவள் உடைகிறாள்: அம்மா எப்போது திரும்பி வருவாள் என்று தெரியவில்லை, நீயும் எப்போதும் இருப்பதில்லை. அந்த நிமிஷத்தில் ஜானியின் சலிப்பு என்ன என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. தனக்காக ஒருத்தி காத்திருப்பதை அறியாதவனின் நிலை அது. சலிப்பையும் காத்திருத்தலையும் தனித்தனி என்று மேலே சொன்னேன். தனித்தனிதான். ஆனால் ஒரே கயிற்றின் இரண்டு முனை.

ஸோஃபியா கொப்போலா யார் மகள் என்பது எல்லோருக்கும் தெரியும். ‘காட்ஃபாதர்’ (1972) படத்தின் ஞானஸ்நானக் காட்சியில் வரும் கைக்குழந்தை அவர்தான்; அப்பாவின் காமிராவுக்கு முன்னால் கண்விழித்தவர். ‘ஸம்வேர்’ சுயசரிதை என்று சொல்ல நான் வரவில்லை. காமிரா வைக்கப்பட்ட உயரத்தைத்தான் சொல்கிறேன். அது ரசிகனின் இடமுமல்ல, நீதிபதியின் இடமுமல்ல. அப்பா எப்போது நிமிர்ந்து பார்ப்பார் என்று அறை மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்குழந்தையின் இடம். அங்கிருந்து பார்ப்பவளுக்கு அவசரம் கிடையாது, ஏனென்றால் போவதற்கு வேறு இடம் கிடையாது. படம் மெதுவாக இருப்பதற்குக் காரணம் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

6

முடிவில் எனக்குச் சம்மதமில்லை.

மகள் போன பிறகு ஜானி மனைவியைத் தொலைபேசியில் அழைத்து, தான் ஒன்றுமே இல்லை என்று அழுகிறான். ஹோட்டலைக் காலி செய்து, நகரத்தை விட்டு ஓட்டிப்போய், சாவியை விட்டுவிட்டுக் காரிலிருந்து இறங்கி நடக்கிறான். முகத்தில் ஒரு சிரிப்பு. படம் முடிகிறது.

திருவொற்றியூரில் இருந்துகொண்டு இந்தக் காட்சியைப் பார்க்கிறவனுக்கு ஒருவர் நினைவு வராமல் போகாது. கடற்கரையில் சமாதி கொண்டிருக்கும் பட்டினத்தார். அவரும் பெருஞ்செல்வர், காவிரிப்பூம்பட்டினத்துக் கடல் வணிகர். வளர்த்த பிள்ளை மருதவாணன் காதற்ற ஊசியொன்றை வைத்துவிட்டு மறைந்துபோக, அந்த ஊசி கண்ணில் குத்தி எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட்டவர் என்கிறது கதை. டி.எம். சௌந்தரராஜன் நடித்த 1962ஆம் வருஷத்துப் படத்தின் மூலம் இந்தக் கதை எங்கள் தெருவில் எல்லோருக்கும் பாடம்.

துறவு என்றதும் நாம் விடுதலை பண்ணுகிற காட்சியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். கதையில் இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, எல்லாம் விட்டவர் தாயை விடவில்லை. இறந்தபோது வந்து கொள்ளி வைத்தார். இரண்டாவது, திருவொற்றியூர்க் கரையில் அவர் முடிந்த விதம். சிறுவர்களோடு ஒளிந்து விளையாடினார், அவர்கள் அவரை மூடிவைத்துவிட்டுத் திறந்தபோது லிங்கமாகி இருந்தார் என்று சொல்வார்கள். கதையின் சத்தியாசத்தியம் இங்கே முக்கியமில்லை. அதைச் சொல்லிச் சொல்லி வந்த சனங்கள், துறந்தவனின் கடைசி நேரத்தைக் குகையில் வைக்காமல் பிள்ளைகளின் விளையாட்டுக்குள் வைத்தார்கள் என்பதுதான் முக்கியம்.

‘ஸம்வேர்’ படத்திலும் அந்த இடம் இருக்கிறது. ஆனால் கடைசிக் காட்சியில் இல்லை. நீச்சல்குளத்துக்கு அடியில் அப்பாவும் மகளும் உட்கார்ந்து இல்லாத கோப்பையில் இல்லாத தேநீர் குடிக்கிறார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு விளையாடுகிற விளையாட்டு. முகமூடிக்குள் மூச்சு மட்டுமாக இருந்தவன், இங்கே ஒரு குழந்தைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். படம் அங்கே முடிந்துவிட்டது. காரைக் கைவிடுவது, கார் வைத்திருந்தவனுக்கு மட்டுமே கிடைக்கக்கூடிய விமோசனம். அவன் நடந்துபோகும் திசையில் மகள் இருக்கிறாளா என்பதும் நமக்குக் காட்டப்படவில்லை. இயக்குநரின் தயாளம் அது. தயாளத்தால் கலை கெடுவதும் உண்டு.

7

வட சென்னையைத் தமிழ் சினிமா காட்டாமல் இல்லை. இந்த இருபது வருஷத்தில் நிறையவே காட்டிவிட்டது. கத்தி, ஓட்டம், கேரம் போர்டு, துரோகம். ‘மெட்ராஸ்’ (2014) ஒரு சுவரையும் ‘வட சென்னை’ (2018) ஒரு கரையையும் அக்கறையோடே பார்த்தன. ஆனாலும் இங்கே ஒருவன் சும்மா உட்கார்ந்திருப்பதை முழு நிமிஷம் ஒன்று யாரும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. எங்கள் ஆட்கள் திரையில் இருக்கவேண்டுமானால் ஏதாவது செய்துகொண்டே இருக்கவேண்டும். இல்லையென்றால் செத்துக்கொண்டிருக்க வேண்டும். சலிப்பு காட்டப்படுவதற்கும் ஓர் அந்தஸ்து தேவைப்படுகிறது. ஷாட்டோ மார்மோன்ட்டில் கிடைக்கும் அது, எண்ணூரில் கிடைப்பதில்லை. நண்பரின் ஆட்சேபம் இங்கேதான் சரியான இடத்தில் விழுகிறது. ஜானி மார்கோவுக்குக் கொடுக்கப்பட்ட நேரம் அதிகம் என்பது குற்றமல்ல. மற்றவர்களுக்கு அது கொடுக்கப்படவே இல்லை என்பதுதான்.

வேலையிலிருந்து நின்ற பிறகு நைனா தினமும் சாயங்காலம் கடற்கரைக்குப் போவார். கரை என்று சொல்வது வழக்கத்தால்; துறைமுகத்துக்கு வடக்கே கடல் நிலத்தைத் தின்றுகொண்டே வந்ததால் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். மணல் இல்லை. ஒரு கல்லின் மேல் துண்டைப் போட்டு உட்காருவார். எதிரே, உள்ளே வர முறை கிடைக்காத கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். விளக்குப் போட்ட பிறகு வீட்டுக்கு வருவார். அவர் சும்மா இருந்தாரா, சலித்திருந்தாரா, எதற்காவது காத்திருந்தாரா? நான் ஒரு நாளும் பக்கத்தில் போய் உட்கார்ந்ததில்லை. அந்த வருஷங்களில் நான் நகரத்தின் மறுகோடியில் ஃபிலிம் சொஸைட்டிக் காட்சிகளுக்கு இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தேன். யாரோ ஒருவனின் மௌனத்தை எப்படிப் பார்ப்பது என்று அங்கே கற்றுக்கொண்டிருந்தேன். நைனா போய் வெகு காலம் ஆயிற்று.

அளவுபட்ட நேரம் என்று முதலில் சொன்னேனே, அந்தக் கணக்கு என் விஷயத்தில் இப்படித்தான் முடிந்திருக்கிறது. கலை இதை ஈடுகட்டும் என்று சொல்லமாட்டேன். ஒரு படத்தைப் பார்த்துக் கண் திறந்தவன் உடனே நல்லவனாகிவிடுவதில்லை. தான் பார்க்காமல் விட்டது எவ்வளவு என்ற கணக்குத்தான் அவன் கைக்கு வருகிறது. அதுவும் தாமதமாக. அந்தக் கணக்கைக் கொடுத்த படத்தை, அது ஒரு கொழுத்தவனைப் பற்றியது என்பதற்காக நான் மறுக்கத் தயாராக இல்லை.

மகளைக் காரில் ஏற்றி முகாமுக்கு அனுப்பும்போது ஜானி அவளிடம் கத்திச் சொல்கிறான், இத்தனை நாள் உன்னோடு இல்லாமல் போனதற்கு மன்னித்துக்கொள் என்று. பக்கத்தில் ஹெலிகாப்டர் இரைகிறது. அவள் கையசைக்கிறாள். மச்சான் அந்த இடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அந்தப் பொண்ணு காதுல வுயுந்துச்சா?”

“விழல, மச்சான்.”

“மறுபடி சொல்றானா?”

“இல்ல.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தன் மகனுக்கு ஃபோன் போட்டார். மகன் அந்த நேரத்தில் மணலி பக்கம் எங்கோ வண்டி வரிசையில் நின்றிருந்தான். சாப்பிட்டாயா என்று கேட்டார். அதற்குள் அடுத்த முனையில் வண்டிகள் நகரத் தொடங்கிவிட்டன போலிருக்கிறது. பெரிய இரைச்சல் கேட்டது. மச்சான் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல், இரைச்சல் அடங்குகிற வரைக்கும் வைத்திருந்தார். பிறகு மறுபடி கேட்டார்.